பொட்டாஷ் மூட்டையும் பெட்ரோமாக்ஸ் மேண்டிலும்: இயற்கையின் நான்கு விசைகளைச் செய்து காட்டுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1859ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கில், மைக்கேல் ஃபாரடே சிறுவர் சிறுமியருக்காக ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 68. அவர் எடுத்துக்கொண்ட பொருள், பருப்பொருளின் விசைகள். ஈர்ப்பு, ஒரு பொருளின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பிணைப்பு, வேதி நாட்டம், வெப்பம், காந்தம், மின்சாரம் என்று ஒவ்வொன்றாக மேசைமேல் செய்து காட்டினார். கடைசிப் பொழிவில் இவற்றுக்குள் உள்ள உறவைப் பேசினார். அந்தப் பேச்சு அடுத்த ஆண்டே நூலாக வந்தது. இன்றும் ஓர் ஆசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பெடுக்கலாம்.

ஃபாரடேயின் பட்டியல் இன்று மாறிவிட்டது. பிணைப்பு, வேதி நாட்டம், காந்தம், மின்சாரம் ஆகியவை ஒரே மின்காந்த விசையின் வேறுவேறு முகங்கள் என்று தெரிந்துவிட்டது. ஈர்ப்பு விசை தனியே நிற்கிறது. ஃபாரடே அறிந்திருக்க வழியே இல்லாத இரண்டு விசைகள் சேர்ந்திருக்கின்றன. அணுவுக்குள் ஒரு கரு உண்டு என்பதே 1911இல் ரூதர்ஃபோர்டு சொல்லித்தான் தெரியும். அந்தக் கருவுக்குள் வேலை செய்பவை வலிமையான அணுக்கரு விசையும் வலிமை குறைந்த அணுக்கரு விசையும். பேச்சு வசதிக்காக இவற்றை வன்விசை, மென்விசை என்கிறேன்.

நம் வகுப்பறைகளில் முதல் இரண்டு விசைகளுக்கும் செய்முறை உண்டு. அடுத்த இரண்டுக்கும் ஒரு பத்தி மட்டுமே உண்டு. 'இவை அணுக்கருவுக்குள் மட்டும் செயல்படுபவை' என்று அந்தப் பத்தியும் முடிந்துவிடும். கண்ணால் காணாததை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு, மாணவர் மறந்துபோகிறார். இது எனக்குப் பெரிய வருத்தம். அந்த இரண்டையும் செய்து காட்ட முடியும். அதற்கு வேண்டிய பொருள்கள் உரக்கடையிலும் பழைய விளக்குக் கடையிலும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த விசையும் தனியாக நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொரு விசையோடு மோதும் இடத்தில்தான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு செய்முறையிலும் மாணவரைக் கேட்க வேண்டிய கேள்வி, இங்கே வெல்வது எது, தோற்பது எது என்பதுதான்.

சீப்பிலிருந்து தொடங்குகிறேன். எண்ணெய் தேய்க்காத, உலர்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பை வாரி, காகிதத் துணுக்குகளின் மேலே பிடிக்கிறோம். அவை துள்ளி எழுந்து ஒட்டிக்கொள்கின்றன. கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். உள்மாவட்டங்களில் கோடை நண்பகலில் வைத்துக்கொண்டால் ஏமாற்றாது. இதை எல்லாரும் மின்விசைக்கான செய்முறையாகவே காட்டுகிறோம். நான் ஈர்ப்பு விசைக்கான செய்முறையாகவும் காட்டுவேன். காகிதத்தைக் கீழே பிடித்துக்கொண்டிருப்பது பூமி முழுவதும். 6 என்று எழுதி 24 சுழியம் போட்டால் வரும் அத்தனை கிலோகிராம். அந்த மொத்தப் பூமியும் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் ஒரு சீப்பு இழுக்கிறது. சீப்பு வெல்கிறது. இரண்டு புரோட்டான்களை எடுத்துக்கொண்டால், அவற்றுக்கிடையே உள்ள மின்விலக்கம் ஈர்ப்பைப் போல 1-க்குப் பின் 36 சுழியம் மடங்கு. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் சீப்பைக் காட்டிவிட வேண்டும்.

இத்தனை நலிந்த விசை கோள்களை எப்படி ஆள்கிறது? மின்னூட்டத்தில் நேர், எதிர் என இரண்டு உண்டு. பெரிய பொருள்களில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்து அடங்கிவிடுகின்றன. ஈர்ப்புக்கு எதிர்ப்பக்கம் இல்லை. அது சேர்ந்துகொண்டே போகிறது. சிறு பொருள்களுக்கிடையே அதை அளப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஹென்றி கேவண்டிஷ் 1797, 1798 ஆண்டுகளில் செய்த சோதனை சான்று. ஆறடி நீள மரச்சட்டத்தின் இரு முனைகளிலும் சிறிய ஈயக் குண்டுகள். அந்தச் சட்டத்தை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, அருகே 158 கிலோ ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்தார். மனித உடலின் வெப்பம் காற்றைக் கலைத்துவிடும் என்பதால் அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியால் பார்த்தார். அவர் அளந்த விசை ஒரு சிறு மணல் துகளின் எடை அளவே. அதிலிருந்து பூமியின் அடர்த்தி நீரைப்போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பு 5.51. அவர் முடிவு அதிலிருந்து ஒரு விழுக்காடு அளவே விலகியிருந்தது.

ஈர்ப்புக்கு இன்னொரு செய்முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்து வையுங்கள். நீர் பீய்ச்சி அடிக்கும். அப்படியே மாடியிலிருந்து கீழே விடுங்கள். விழும் நேரம் முழுவதும் துளையில் ஒரு சொட்டும் வெளியே வராது. நீரும் பாட்டிலும் ஒரே முடுக்கத்தில் விழுகின்றன, நீரை வெளியே தள்ள அழுத்தம் இல்லை. விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசையே இல்லை என்று பல மாணவர்கள் நம்புகிறார்கள். சில நூல்களும் அப்படித்தான் எழுதுகின்றன. நிலையம் பறக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அப்படியே இருக்கிறது. அங்கே மிதப்பவர்கள் நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பவர்கள், இந்தப் பாட்டிலில் உள்ள நீரைப் போல. 1971 ஆகஸ்ட் 2 அன்று நிலவில் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன. காற்றில்லாத இடம் தேடி நிலவுக்குப் போக வேண்டாம். ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் மேல், அதைவிடச் சற்றுச் சிறிய காகித வட்டத்தை வைத்துத் தட்டையாகக் கைவிட்டால் காகிதம் பின்தங்காது.

மின்காந்த விசைக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள செம்பு அல்லது அலுமினியக் குழாய் ஒன்று போதும். கூடவே குழாய்க்குள் தளர்வாக நுழையும் வலுவான காந்தமும், அதே அளவுள்ள இரும்பு உருளையும் வேண்டும். இரும்பு உருளையை உள்ளே விட்டால் அரை விநாடிக்குள் கீழே விழும். காந்தத்தை விட்டால் பல விநாடிகள் கழித்து மெல்ல இறங்கி வரும். செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. அதை முன்னதாகவே ஒட்டவைத்துக் காட்டிவிடுங்கள். பிறகு என்ன நடக்கிறது? நகரும் காந்தம் குழாயில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தன் காந்தப்புலத்தால் விழுதலை எதிர்க்கிறது. 1820இல் ஓர்ஸ்டெட் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்றார். 1831இல் ஃபாரடே நகரும் காந்தம் மின்னோட்டத்தைத் தரும் என்றார். இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே குழாய்க்குள் நடந்துவிடுகின்றன. மேலேயிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்கள் இந்தச் செய்முறையை விடமாட்டார்கள்.

கட்டைவிரலால் இந்த மேசையை அழுத்துகிறேன். விரல் உள்ளே போகவில்லை. அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்று படித்திருக்கிறோம். அப்படியிருந்தும் போகவில்லை. விரலின் எலக்ட்ரான்களுக்கும் மேசையின் எலக்ட்ரான்களுக்கும் இடையிலான மின்விலக்கமும், ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கலாகாது என்ற பவுலியின் விதியும் சேர்ந்து தடுக்கின்றன. தொடுதல், உராய்வு, கயிற்றின் இழுவிசை, தசையின் பலம், தீ எரிவது, சோறு செரிப்பது எல்லாம் இந்த விசையின் கணக்கில்தான் சேரும். நாற்காலியில் நீங்கள் அமர்ந்திருப்பதும் ஈர்ப்புக்கும் மின்விசைக்கும் இடையே நடந்து சமனில் முடிந்த போட்டி.

ஈர்ப்பும் மின்சாரமும் எங்கோ ஒரு புள்ளியில் ஒன்றுதான் என்று ஃபாரடே உறுதியாக நம்பினார். அதற்காக அவர் தம் விரிவுரை அரங்கின் உச்சியிலிருந்து கம்பிச்சுருள்களைக் கீழே மெத்தையின்மேல் விழவிட்டு, விழும்போது அவற்றில் மின்னோட்டம் பிறக்கிறதா என்று பார்த்தார். எதுவும் பிறக்கவில்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1850இல் ராயல் சொசைட்டியின் முன் வாசித்தார், நம்பிக்கை மட்டும் தளரவில்லை என்றும் சொன்னார். இன்றுவரை அந்த இணைப்பு யாருக்கும் அகப்படவில்லை. நம் பிள்ளைகளுக்கு வெற்றி பெற்ற சோதனைகளை மட்டுமே கற்பிக்கிறோம். இதையும் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி அணுக்கருவுக்குள் போவோம். ஹீலியம் கருவில் இரண்டு புரோட்டான்கள் உள்ளன. இரண்டும் நேர் மின்னூட்டம் கொண்டவை. ஒரு மீட்டரை 1-க்குப் பின் 15 சுழியம் கொண்ட எண்ணால் வகுத்தால் வரும் தூரத்தில் அவை நின்றால், அவற்றுக்கிடையே உள்ள விலக்கு விசை ஏறத்தாழ 230 நியூட்டன். 23 கிலோ மூட்டையைத் தூக்க வேண்டிய விசை அது. ஒரே ஒரு புரோட்டானின் மேல் அவ்வளவு விசை! அதை மீறி அந்தக் கரு சிதறாமல் நிற்கிறதென்றால், அதைவிட வலிய ஒன்று பிடித்திருக்கிறது. அந்தப் பிடி கருவின் அளவைத் தாண்டி எட்டுவதில்லை. இந்தக் குறுகிய எட்டலை விளக்க 1935இல் ஹிடெகி யுகாவா ஒரு புதிய துகளையே முன்மொழிந்தார். 1947இல் அண்டக்கதிர்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது.

வன்விசையைக் காட்ட, ஒன்றையொன்று விலக்கும் காந்தங்களில் ஒட்டுப்பட்டை சுற்றி, நெருங்கினால் ஒட்டிக்கொள்வதைக் காட்டுவார்கள். நல்ல பொம்மை. ஆனால் அது பொம்மைதான். அதில் வன்விசை இல்லை. காட்டுவது உண்மைப் பொருளாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். அதற்குத்தான் இந்த மேண்டில்.

பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளொளி தரும் மேண்டிலை உருவாக்கியவர் ஆஸ்திரியரான கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். அதன் பழைய கலவை, பெரும்பகுதி தோரியம் ஆக்சைடும் சிறிதளவு சீரியம் ஆக்சைடும். அந்தத் தோரியம் எங்கிருந்து வந்தது என்பதில் நம் மண்ணுக்குப் பங்குண்டு. அன்றைய திருவிதாங்கூர்க் கடற்கரையில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியின் மணலில், மோனசைட் என்ற தோரியக் கனிமம் கிடைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியத் தெருக்களின் எரிவாயு விளக்குகளுக்காக அந்த மணல் கப்பலேறியது.

கதிர்வீச்சை ஒலியாக எண்ணிக் காட்டும், மைக்கா சன்னல் வைத்த கெய்கர் கருவியின் அருகே, பழைய தோரிய மேண்டிலை இடுக்கியால் பிடித்துக் காட்டுகிறேன். டிக் டிக் ஒலி அடர்கிறது. இடையில் ஒரு காகிதத்தை நுழைக்கிறேன். ஒலி குறைகிறது. காகிதம் தடுத்தவை ஆல்ஃபா துகள்கள், அதாவது ஹீலியம் கருக்கள். தோரியம் கருவில் 90 புரோட்டான்கள். மின்விலக்கம் ஒவ்வொரு புரோட்டானையும் மற்ற 89 புரோட்டான்களிடமிருந்தும் தள்ளுகிறது. வன்விசையோ அடுத்திருப்பவற்றை மட்டும் பிடிக்கிறது. கரு பெருக்கப் பெருக்கத் தள்ளுவோர் கூடுகிறார்கள், பிடிப்போர் கூடுவதில்லை. ஒருநாள் ஓர் ஆல்ஃபா துகள் நழுவுகிறது. தோரியம்-232இல் பாதி இப்படிச் சிதைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான். காகிதம் தடுத்த ஒவ்வொரு டிக்கும் அந்த நெடிய போட்டியில் ஒரு கருவோ அதன் வழிவந்த கருவோ தோற்ற கணம். கடையில் இன்று விற்கும் மேண்டில்கள் பலவற்றில் தோரியம் இல்லை, ஆகையால் வாங்கியதும் கருவியால் சோதித்துப் பாருங்கள். தோரிய மேண்டிலை நொறுக்கவோ எரிக்கவோ கூடாது. அதன் தூசியை மூச்சில் இழுத்தால் தீங்கு. மாணவர் கையில் கொடுக்காமல், உறையிலிட்டு ஆசிரியரே வைத்துக்கொள்ள வேண்டும்.

வன்விசைக்கு இன்னொரு செய்முறை, கருவி எதுவும் தேவைப்படாதது. இந்த ஒரு கிலோ எடைக்கல்லைத் தூக்கிப் பாருங்கள். இதன் நிறையில் ஏறக்குறைய முழுவதும் புரோட்டான், நியூட்ரான்களுடையது. அவற்றுக்குள் உள்ள குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் ஒரு விழுக்காடு அளவே தேறும். மற்றதெல்லாம் குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் வன்விசையின் ஆற்றல். கையில் கனப்பது அதுதான்.

மென்விசைக்கு வருகிறேன். இன்று நான் பேச வந்ததில் என் மனம் அதிகம் தங்கியிருப்பது இங்கேதான்.

இதோ இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் சமையல் உப்பு, சோடியம் குளோரைடு. மற்றொன்றில் உரக்கடையில் வாங்கிய பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு. கருவியை உப்பின்மேல் வைத்தால், இந்த அரங்கில் எப்போதும் இருக்கும் பின்னணி ஒலிதான். அண்டக்கதிர்களும் சுவரின் கல்லும் தருவது. பொட்டாஷின்மேல் வைத்தால் ஒலி தெளிவாகக் கூடுகிறது. ஐந்து நிமிடம் எண்ணிக் குறித்தால் ஐயத்துக்கு இடமில்லை. இயற்கைப் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். ஒரு கிலோ பொட்டாஷ் உரத்தில் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 15,000 கருக்கள் சிதைகின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானை வெளியே அனுப்புகிறது, கரு கால்சியமாகிறது. ஈர்ப்பால் இதைச் செய்ய முடியாது. மின்விசையாலும் வன்விசையாலும் முடியாது. ஒரு துகளின் இனத்தையே மாற்றும் இந்த வேலை மென்விசைக்கு மட்டுமே உரியது. வாழைப்பழத்திலும் பொட்டாசியம் உண்டு, நம் உடலிலும் உண்டு. வளர்ந்த ஒருவரின் உடலுக்குள் ஒவ்வொரு விநாடியும் நான்காயிரம் அளவில் இந்த மாற்றம் நடக்கிறது. அஞ்ச வேண்டியதில்லை, உயிர் தோன்றிய நாள் முதல் இப்படித்தான்.

பொட்டாசியம்-40 கருக்களில் பத்தில் ஒன்று வேறு வழியில் போகிறது. தன் எலக்ட்ரான் ஒன்றையே விழுங்கி ஆர்கான் ஆகிறது. பாறைகளுக்குள் இப்படிப் பிறந்த ஆர்கான் எரிமலைகளின் வழியாகக் கசிந்து காற்றில் சேர்ந்தது. 1894இல் ரேலியும் ராம்சேயும் காற்றில் ஆர்கானைக் கண்டறிந்தார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 0.93 விழுக்காடு. ஏறக்குறைய அத்தனையும் இந்தச் சிதைவின் விளைவு. இந்தக் குண்டு பல்பைப் பாருங்கள். இழை எரிந்துபோகாமல் இருக்க உள்ளே நிரப்பியிருப்பது பெரும்பாலும் ஆர்கான்தான். இழை ஒளிர்வது மின்காந்த விசையால். அதைக் காக்கும் வாயுவோ, 450 கோடி ஆண்டுகளாகப் பூமிக்குள் மென்விசை செய்துவந்த வேலையால் கிடைத்தது.

சூரியனின் வேகத்தை நிர்ணயிப்பதும் மென்விசையே. இரண்டு புரோட்டான்கள் மோதி இணையும்போது அவற்றில் ஒன்று நியூட்ரானாக மாறினால்தான் இணைப்பு நிலைக்கும். அந்த மாற்றம் மிக அரிது. சூரிய மையத்தில் ஒரு புரோட்டான் சராசரியாக நூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருக்கிறது. சூரியன் விநாடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் நிறையை ஒளியாக்குகிறது. ஆயினும் அது அவ்வளவு பெரிது என்பதால், ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் நம் உடல் வெளியிடும் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மென்விசை மெலிந்திருப்பதால்தான் சூரியன் மெல்ல எரிகிறது, பூமியில் உயிர் வளர நேரம் கிடைத்தது.

கடைசியாக ஒரு பம்பரமும் ஒரு நிலைக்கண்ணாடியும். பம்பரத்தைச் சுழலவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே அது எதிர்த்திசையில் சுழல்கிறது. அப்படிச் சுழலும் பம்பரமும் உலகில் இருக்கலாம். ஈர்ப்புக்கும் மின்விசைக்கும் வன்விசைக்கும் கண்ணாடி உலகம் முறையான உலகமே. மென்விசைக்கும் அப்படித்தானா என்று 1956இல் லீயும் யாங்கும் கேட்டார்கள். சியென்-ஷியுங் வூ, கோபால்ட்-60 கருக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து, ஒரே திசையில் சுழலும்படி வரிசைப்படுத்தினார். வெளிவந்த எலக்ட்ரான்கள் ஒரு பக்கமே அதிகம் போயின. கண்ணாடியில் தெரியும் நிகழ்ச்சி இயற்கையில் நடப்பதில்லை. அடுத்த ஆண்டு லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வூவுக்குக் கொடுக்கவில்லை. அது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

இந்த ஒருபக்கச் சாய்வின் சரியான வடிவத்தை 1957இல் எழுதியவர்களில் ஒருவர் இ.சி.ஜி. சுதர்சன், தம் ஆசிரியர் மார்ஷக்குடன் சேர்ந்து. கோட்டயத்துப் பக்கத்தில் பிறந்து, தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். மென்விசையையும் மின்காந்த விசையையும் ஒன்றாக்கியதற்காக 1979இல் கிளாஷோ, சலாம், வைன்பெர்க் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததே, அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் சுதர்சனின் கல்லும் இருக்கிறது. மென்விசையைக் கற்பிக்கும்போது இவர் பெயரைச் சொல்லாமல் விடக் கூடாது.

மென்விசையோடு பிறக்கும் நியூட்ரினோ என்ற துகளை மட்டும் இந்த மேசையில் என்னால் காட்ட முடியாது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தின் பரப்பு வழியாக விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி கடந்துபோகின்றன. எதுவும் நிகழ்வதில்லை. மற்றக் கதிர்களின் இரைச்சலைப் பாறையால் வடிகட்டினால்தான் நியூட்ரினோவின் அரிய மோதலை அடையாளம் காண முடியும். காற்று மண்டலத்தில் அண்டக்கதிர்களால் பிறக்கும் நியூட்ரினோக்களை அவ்வாறு முதன்முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம், ஆண்டு 1965. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்களும் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை நிறுத்தினார்கள். அந்த ஆழத்தைத் தலைமுறைகளாகத் தோண்டியவர்களில் பெருந்தொகையினர் வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள்.

இனி உங்கள் கேள்விகள். சீப்பு, குழாய், பொட்டாஷ், பம்பரம் எல்லாம் மேசைமேல் இருக்கின்றன. மாணவர்கள் வரிசையாக வந்து தாங்களே செய்து பார்க்கலாம். பொட்டாஷைத் தொட்டவர்கள் கை கழுவிவிடுங்கள், மேண்டில் உறையை யாரும் திறக்க வேண்டாம்.